மறைந்த கப்பலை மேலேறிப் பார்க்க விடாதது குறித்து

அனுப்புநர்:
பழைய பேப்பர் கடைக்காரம்மா,
பேருந்து நிலையத்துக்குப் பின் சந்து.
(தற்சமயம்: கடற்கரைச் சாலை விடுதி, தரைத்தளம், மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை)

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
கலங்கரை விளக்க அலுவலகம்,
துறைமுகக் கட்டடம், இரண்டாம் மாடி.

பொருள்: தனியாக வரும் பெண்கள் கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறக் கூடாது என்னும் பலகையை அகற்றக் கோருதலும், நான் ஒரு முறை தனியாக ஏறிப் பார்க்க அனுமதி கோருதலும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை எனக்கு எவரும் எழுதித் தரவில்லை. தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதுபவர், "சொல்லுங்கம்மா, ரெண்டே பத்தியில முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார். இது இரண்டு பத்தியில் முடிகிற விஷயம் இல்லை. எனவே அவரிடம் தாளை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு நானே எழுதுகிறேன். நீளமாக இருப்பதைப் பார்த்து ஓரத்தில் வைத்துவிடாமல் கடைசி வரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எனக்கு வயது அறுபத்தெட்டு. பழைய பேப்பர் கடை நடத்துகிறேன். கணவர் இருந்தவரை அவர் தராசு பிடித்தார், நான் கட்டுக் கட்டினேன். அவருக்குப் பிறகு இரண்டும் நானே. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எடைக்கு வந்த தாளைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் பாடப்புத்தகங்களைக் கொண்டுவந்து போடுவார்கள். லாரி வந்து மூட்டை ஏற்றும்வரை அவை என்னுடையவை. அப்படியே ஒவ்வொரு வகுப்பாகப் படித்து மேலே வந்தேன். கணக்குப் பாடத்துக்குள் எழுத்துகள் நுழைந்த இடத்தில் கணக்கை விட்டுவிட்டேன். மற்ற எதையும் விடவில்லை.

2. அவற்றில் ஒரு பூகோளப் புத்தகத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. கரையிலிருந்து விலகிப் போகும் கப்பலின் அடிப்பாகம் முதலிலும் உச்சி கடைசியிலும் மறையும். பூமி உருண்டை என்பதற்கு அது ஆதாரம். இது முதல் வாக்கியம். கரையில் நிற்பவருக்கு மறைந்த கப்பல், உயரமான இடத்தில் நிற்பவருக்கு இன்னும் சிறிது நேரம் தெரியும். இது இரண்டாவது.

நான் விசாரித்தேன். புத்தகம் போட வந்த வாத்தியாரைக் கேட்டேன், என் மகனைக் கேட்டேன், வங்கியில் வேலை பார்க்கும் மருமகளைக் கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்கள். "நீ பாத்தியா?" என்று கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம் என அப்போது புரிந்துகொண்டேன். மகன், "அம்மா, ஃபோன்லயே காட்டறேன் பாருங்க" என்று ஓர் உருண்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். ஃபோனில் பேய்கூடத்தான் வருகிறது.

3. ஆகவே கடையைப் பூட்டிவிட்டு நானே பேருந்து ஏறினேன். விடுமுறையில் குடும்பத்தோடு போகலாம் என்று வீட்டில் தடுத்தார்கள். நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. தாங்கள் அதைத் தெரிந்துகொள்வது இந்த மனுவுக்கு அவசியம். கூட ஆள் இருந்தால் நான் ஆளைத்தான் பார்ப்பேன். சாப்பிட்டாயா, படி பார்த்து வை, வெயிலில் நிற்காதே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷமாக அப்படியே பழகிவிட்டது. என் வீட்டார் எல்லாரையும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் பார்க்காமல் விட்டவை ஏராளம். இந்த ஒன்றை அப்படி விட விருப்பமில்லை.

4. தங்கள் ஊருக்குள் பேருந்து நுழைந்தபோது, தெரு முடிகிற இடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு சுவர் நின்றது. எதிரே நிறுத்தியிருந்த வேனின் கூரையைவிட உயரமாக இருந்தது. இவ்வளவு பெரிய சுவருக்கு யார் சாயம் அடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கையில், அந்தச் சுவரின் பாதி உயரத்தில் ஒரு படகு மெதுவாக நகர்ந்து போயிற்று. "கண்டக்டர், அது என்னப்பா சுவரு?" என்று கேட்டேன். "கடலும்மா" என்றார். அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

கடல் தரையில் படுத்துக் கிடக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். நாட்காட்டிப் படங்களில் அப்படித்தான் இருக்கிறது. அது எழுந்து நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்க மறந்து, பணிமனை வரை போய் நடந்து திரும்பினேன். வழியில் கயிற்றுக் கடைகள், ஐஸ் தொழிற்சாலை, சொட்டிக்கொண்டே போகும் லாரி, உப்புக் காற்றில் செதில் செதிலாக உரியும் ஜன்னல் கம்பிகள். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அந்த முனையில் அது வந்து நின்றது. இங்கே குடியிருப்பவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய்கறி பேரம் பேசுகிறார்கள். எப்படி முடிகிறது என்று தெரியவில்லை.

5. அன்று மாலை தீவுக்குப் போகும் வெள்ளைப் பயணிகள் கப்பலைக் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். என்னிடம் ஒரு பைனாகுலர் உண்டு. கடைக்கு எடைக்கு வந்தது; ஒரு கண் உடைந்தது, மறு கண் நன்றாகத் தெரியும். கப்பலின் அடியில் ஒரு சிவப்புப் பட்டை ஓடுகிறது. முதலில் அந்தப் பட்டை போயிற்று. பிறகு கீழ் ஜன்னல் வரிசை, பிறகு மேல் வரிசை. மங்கலாகிப் போகவில்லை ஐயா. கத்தி வைத்து அடியிலிருந்து நறுக்கிக்கொண்டு வந்ததைப்போலப் போயிற்று. கடைசியாகப் புகைபோக்கி மட்டும் தண்ணீர்மேல் ஒரு முளையாக நின்றது. பிறகு அதுவும் இல்லை.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் நடந்ததும் தெரியாது. முழங்கால் வரை நனைந்து நின்று அழுதுகொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. யாரோ ஒரு பிள்ளை வேண்டாம் என்று தூக்கிப் போட்ட புத்தகம், என்னைப் பொருட்படுத்தி ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான் நிற்கும் இந்தத் தரை வளைந்து கீழே இறங்கிப் போகிறது. அதன் மேல்தான் இத்தனை காலமும் தராசைக் கட்டித் தொங்கவிட்டுக் கடை நடத்தியிருக்கிறேன்.

6. இந்த இடத்தில்தான் எனக்கு நேர்ந்த தொல்லைகள் ஆரம்பம். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே டீக்கடை நடத்தும் பெண் ஓடிவந்து பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "அக்கா, வேணாம்க்கா! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்க்கா!" என்று கத்தினார். எனக்கு மூச்சு முட்டியது. "போயிடுச்சு, கண்ணு முன்னாடியே போயிடுச்சு" என்று கப்பலைச் சொன்னேன். "யாருக்கா போனது? வீட்டுக்காரரா?" என்றார். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது என்றதும் அவர் பிடியை இன்னும் இறுக்கினார்.

அதன்பின் இந்த ஊர் முழுவதும் என்னைக் காவல் காக்கத் தொடங்கியது. ஒரு வாடகை வண்டிக்காரர் நான் நடக்கும் வேகத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார். விடுதி மேலாளர் கடல் தெரியும் மூன்றாம் மாடி அறையிலிருந்து என்னைக் கீழே மாடிப்படிக்கு அடியில் உள்ள அறைக்கு மாற்றினார். கதவின் உள் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். என் பாதுகாப்புக்காம். தனியாகத் தங்கியிருக்கும் பெண் தாழ்ப்பாள் இல்லாத அறையில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பாள் என்று கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார். அன்று முதல் மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறேன்.

பெண் காவலர் ஒருவரும் வந்தார். நல்ல பெண். என் மகனுக்கு ஃபோன் போட்டு, பக்குவமாக, "உங்க அம்மா மனசு சரியில்லாம ஏதாவது செஞ்சுக்குவாங்களா?" என்று கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் மகன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "எங்க அம்மாவா? மேடம், அவங்க எதையாவது நிரூபிக்காம சாகவே மாட்டாங்க. பூமி உருண்டையான்னு பாக்க வந்திருக்காங்க. பாத்துட்டா வந்துடுவாங்க. தயவுசெஞ்சு காட்டிடுங்க." காவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் தாழ்ப்பாள் திரும்பி வரவில்லை.

7. மறுநாள் கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். முதல் வாக்கியம் மெய் என்று கண்டாயிற்று. இரண்டாவதற்கு உயரம் வேண்டும். வாசல் காவலாளி, "கூட யாரும்மா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்ப ஏற முடியாதும்மா. போர்டு பாருங்க."

பலகையைப் படித்தேன். "தனியாக வரும் பெண்களுக்கு மேலே செல்ல அனுமதி இல்லை. உத்தரவுப்படி." நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கேமரா மாட்டிய ஒருவர் தனியாக வந்தார், டிக்கெட் வாங்கினார், உள்ளே போனார்.

"அவருகூட யாரு?"

"அவரு ஆம்பளைம்மா."

"அது எனக்கும் தெரியுது. கூட யாருன்னு கேட்டேன்."

"அம்மா, என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் வாதாடவில்லை. எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன்.

8. கூட்டம் இல்லாத ஒரு மதியம் காவலாளி தாமாகவே வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். பலகை எதற்காக வந்தது என்று சொன்னார். அவருடைய வார்த்தைகளையே தருகிறேன்: "ஒருத்தர் மேல போனாருங்க. படி வழியா இறங்கி வரலை. டிக்கெட்ட நான்தான் கிழிச்சுக் குடுத்தேன். மீதிச் சில்லறை வேணாம்னாரு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

"பொம்பளையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. ஆம்பளைதான்."

"அப்ப போர்டுல ஏம்ப்பா பொம்பளைன்னு இருக்கு?"

"ஆபீஸ்லருந்து அப்படித்தான் எழுதி வந்துச்சு. ஆம்பளைங்களை நிறுத்துனா வசூல் கொறஞ்சிடும்னு பேசிக்கிட்டாங்க."

ஐயா, இறந்துபோன அந்த மனிதரைப் பற்றி நான் லேசாக எழுத மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆள், கூட வருகிறவர் எத்தனை பேர் என்று வாசலில் தலை எண்ணுவதால் கிடைப்பவர் அல்ல. இறந்தவர் செய்ததற்கு நான் கீழே நிற்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. கணக்கில் நான் பாதியில் நின்றவள்தான். ஆனாலும் இது எனக்குப் பிடிபடவில்லை.

9. எனக்கு உதவ எவரும் முன்வரவில்லை என்று சொன்னால் அது பொய். டீக்கடைப் பெண், "தங்கச்சின்னு சொல்லிக்கலாம்க்கா. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றார். சுற்றுலா வந்த ஒரு குடும்பம், "பாட்டி, எங்களோட வாங்க" என்று கூப்பிட்டது. காவலாளியே, "நான் கூட வரேன், கையைப் புடிச்சுக்கறேன், பாத்துட்டு இறங்கிடலாம்" என்றார். மூன்றையும் மறுத்தேன். எனக்கு இல்லாத தங்கையைச் சொல்லி ஏற மாட்டேன். என் பேரப்பிள்ளை அல்லாதவருக்குப் பாட்டியாகி ஏற மாட்டேன். கைப்பிடியில் கைதியைப்போலவும் ஏற மாட்டேன். இதை வீம்பு என்று தாங்கள் எண்ணலாம். வீம்புதான்.

10. நேற்று மாலை நடந்ததைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கப்பல் புறப்பட்டது. கோபுரத்தின் அடியில் உள்ள பாறையில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டை போயிற்று, ஜன்னல்கள் போயின, புகைபோக்கி போயிற்று. எழுந்து வாசலுக்கு ஓடினேன். "இப்பதாம்ப்பா நேரம். கொஞ்சம் விட்டா மேலருந்தும் தெரியாமப் போயிடும்" என்றேன். காவலாளி பலகையைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள விட முடியாதும்மா. வேணும்னா நான் போய்ப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். டீக்கடைப் பெண் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு காவலாளி ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை என்று அவர்தான் என் காதோடு சொன்னார். திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் காலடிச் சத்தம் உயரே போய்விட்டது.

டீக்கடைப் பெண்ணின் ஃபோன் அடித்தது. முதலில் மூச்சு இரைப்பதுதான் கேட்டது. பிறகு, "எந்தப் பக்கம்மா பாக்கணும்?"

"தீவுப் பக்கம். கோடு இருக்கு பாரு, அதுமேல."

வெகு நேரம் காற்றுச் சத்தம். பிறகு, "ஐயோ" என்றார்.

நாங்கள் இருவரும் பயந்துவிட்டோம். "என்னப்பா?" என்றேன்.

"இருக்கும்மா. இங்கதான் இருக்கு. எங்கயும் போகலை. முழுசா நிக்குது. ஜன்னல் ரெண்டு வரிசையும் தெரியுது. அடியில செவப்பா ஒரு பட்டை ஓடுதும்மா!"

சிவப்புப் பட்டையைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. துடைத்து வைத்ததைப்போல வெறும் கோடு. என் கண்ணில் ஒன்றும் இல்லாத அதே கடலில், என் காதில் ஒரு முழுக் கப்பல் ஜன்னல்களோடு போய்க்கொண்டிருந்தது. டீக்கடைப் பெண் ஃபோனைப் பிடித்த கையோடு என் தோளில் சாய்ந்துகொண்டார். இந்தக் கடலின் எதிரிலேயே பிறந்து வளர்ந்தவர். "அதுக்கு அந்தாண்டயும் இருக்காக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். போகப் போக இருக்கிறது, சுற்றிக்கொண்டு நம் முதுகுக்கே வந்து சேரும் என்றேன். அவர் திரும்பித் தன் கடையைப் பார்த்தார்.

மேலிருந்தும் கப்பல் மறையும்வரை காவலாளி இறங்கவில்லை. வந்ததும் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் இருந்ததை எனக்குத் தெரியும். முதல் நாள் தண்ணீரில் நின்றபோது என் முகத்தில் இருந்தது அதுதான். "இத்தன வருஷமா இதுக்குத்தான் டிக்கெட் கிழிச்சிருக்கேனாம்மா?" என்றார். அந்தப் படிகளை அவர் ஏறியது எதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும். அவருக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

பொறாமையும் பட்டேன். நான் பார்க்க வந்ததை அவர் பார்த்துவிட்டார். எனக்குக் கிடைத்தது, அப்படித்தான் என்று சொல்ல இன்னும் ஒருவர்.

11. மேற்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலித்துத் தாங்கள் செய்ய வேண்டியது:

அந்தப் பலகையை எடுத்துவிட வேண்டும். உயிர் பற்றிய கவலை உண்மையானால், மேல் தளத்தின் கைப்பிடிச் சுவரை ஆளுயரத்துக்குக் கம்பி வைத்து உயர்த்துங்கள். அது ஆண் பெண் பார்க்காது. காவலாளிக்குத் துணையாக மேலே ஒருவரை வேலைக்கு அமர்த்துங்கள். தனியாக வருகிறவர்களைக் கண்டால் அவர் இரண்டு வார்த்தை பேசட்டும். பேசுவதை நான் தடுக்கவில்லை. இந்த ஊர் என்னிடம் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட வீணில்லை. என்னைப் பிடித்து இழுத்த கை ஒவ்வொன்றும் நல்ல கை. தவறான ஆளைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

காவலாளி வாசலை விட்டுப் போனதற்கு அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. அவரை அனுப்பியது நான். அந்த நேரத்தில் எவரும் உள்ளே நுழையவில்லை. நுழைய முயன்ற ஒரே ஆளான நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் தங்கள் துறையில் வராது என்று தெரியும். ஆனாலும் விடுதி மேலாளர் அரசாங்க முத்திரையைக் கண்டால் மதிக்கும் மனிதராகத் தெரிகிறார். ஒரு வரி எழுதி அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடைசியாக, எனக்கு அனுமதி. மழை பிடித்துவிட்டால் தீவுக் கப்பல் நின்றுவிடும் என்கிறார்கள். மேகம் இப்போதே கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் முழங்கால்கள் இந்த வருஷம் ஏறும். அடுத்த வருஷத்துக்கு அவை எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு மாலை போதும். கப்பல் கரையிலிருந்து மறைந்ததும் ஏறுவேன். மேலிருந்தும் மறைந்ததும் இறங்கிவிடுவேன். எனக்கு ஊரில் கடை இருக்கிறது, நிறுக்க வேண்டிய மூட்டைகள் இருக்கின்றன, என் மகனிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. உலகத்தில் இறங்கி வர இவ்வளவு காரணம் வைத்திருக்கும் ஆளைத் தாங்கள் வேறு எங்கும் தேட வேண்டாம்.

பூமி உருண்டை என்று இதுவரை எல்லாரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஐயா, தாங்களும் சொல்ல வேண்டாம். வழி விடுங்கள்.

உத்தரவு வரும்வரை இதே ஊரில் தங்கியிருக்கும்,

(கையொப்பம்)
பழைய பேப்பர் கடைக்காரம்மா

நாள்: வியாழக்கிழமை, காலை
இடம்: கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, டீக்கடைப் பெஞ்சு